வலையை நனைக்கும் முன்
நன்னீர் மீன் ஆய்வு நிலையத்தை நடத்த வரும் இளையவர்களுக்குச் சில அறிவுரைகள்

மீனியல் படித்து முடித்து, ஆற்றங்கரையில் உள்ள ஒரு கள ஆய்வு நிலையத்தின் பொறுப்பை முதன்முறையாக ஏற்கப் போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மீனைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாததற்கு நூலகம் இருக்கிறது. நிலையத்தை நடத்துவது தனி வேலை, அதை எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. நான் தாமிரபரணிக் கரையில் காலம் தள்ளியவன். ஆகவே எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பொதிகை மலையடிவாரத்திலிருந்தே வரும். உங்கள் ஆறு வேறென்றால் ஊர்ப் பெயரை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நிலையத்தின் சொத்து அதன் பதிவேடுதான். ஒரே இடத்தில், ஒரே முறையில், ஆள் மாறினாலும் அறுபடாமல் எழுதப்பட்ட பதிவேடு. கீழே வரும் அறிவுரைகள் எல்லாம் அதைக் காப்பாற்றும் வழிகள்.

1. முதல் ஓராண்டு ஆற்றின் நாட்காட்டியைப் படியுங்கள்

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் தாமிரபரணிக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. அதனால்தான் அது வற்றாத ஆறு. ஆனால் உங்கள் ஆய்வுப் பகுதியில் இன்று முழங்கால் அளவு தண்ணீரா இடுப்பளவு தண்ணீரா என்பது மழையின் கையில் மட்டும் இல்லை. மேலே பாபநாசம் அணை 1942இலும் மணிமுத்தாறு அணை 1958இலும் வந்துவிட்டன. கீழே ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டுகள். கார், பிசானம் என்ற இரு நெல் பருவங்களுக்கும் மதகு திறக்கும் நாளில் ஆறு வேறு ஆறாகிவிடும். அணையின் நீர்மின்நிலையம் ஓடுவதையும் நிற்பதையும் பொறுத்து ஒரே நாளுக்குள்ளும் மட்டம் ஏறி இறங்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘மார்ச்சில் மீன் குறைந்தது’ என்று எழுதினால், குறைந்தது மீனா தண்ணீரா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே நீர்வளத்துறை அலுவலகத்தில் அணை திறப்புக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். நிலையத்து வாசலில் மழைமானி வைத்து, வானிலைத் துறை செய்வதைப் போலவே காலை 8.30 மணிக்குப் படியுங்கள். மற்ற நிலையங்களின் கணக்கோடு உங்கள் கணக்கு ஒத்துப்போக அதுதான் வழி. கரையில் ஒரு பாறையில் அளவுகோல் வரைந்து நீர்மட்டத்தைத் தினமும் எழுதுங்கள். திருவிழாக்களையும் நாட்காட்டியில் சேருங்கள். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பெருங்கூட்டம் கரையிலேயே தங்கிச் சமைத்துக் குளிக்கிறது. அந்த வாரத்துக்கு முன்பும் பின்பும் தண்ணீரை எடுத்துப் பார்க்காதவர் அந்த ஆற்றைப் பார்க்காதவர்.

2. அனுமதிக் கடிதத்தை ஆய்வின் பாதி என்று எண்ணுங்கள்

களக்காடு முண்டந்துறை 1988இல் புலிகள் காப்பகம் ஆயிற்று. அதற்குள் ஓடும் ஓடையில் ஒரு விரல் நீள மீனைப் பிடிப்பதற்கும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி எழுத்து மூலம் அனுமதி வேண்டும். யார் பிடிப்பார்கள், எந்த ஓடையில், எந்த மாதத்தில், எந்த வலையால், எத்தனை மீனைக் கொல்ல வேண்டியிருக்கும் என்று விண்ணப்பத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். ‘தேவையான அளவு’ என்று எழுதினால் கோப்பு திரும்பி வரும்; வருவதுதான் நியாயமும்.

வெளிநாட்டு ஆய்வாளரோடு கூட்டு வைத்தாலோ, மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்தாலோ, 2002ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டம் குறுக்கே நிற்கும். தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது. சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். காட்டுக்கு வெளியே இருக்கும் குளங்களில் மீன் குத்தகைதாரருடையது. அவரிடம் கேட்காமல் வலை இறக்கினால் அது ஆய்வு ஆகாது, திருட்டுதான்.

அனுமதி முடியும் தேதியைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி, பல மாதங்களுக்கு முன்பே புதுப்பிக்கத் தொடங்குங்கள். கடிதத்தின் நகல் ஒன்று எப்போதும் ஜீப்பில் இருக்கட்டும். அனுமதி இருந்தாலும், போகிற அன்று ரேஞ்சருக்கும் செக்போஸ்ட் வாட்ச்சருக்கும் சொல்லிவிட்டுப் போங்கள்.

3. தொடாத பகுதி ஒன்றை ஒதுக்குங்கள்

நிலையம் என்றால் பலர் வருவார்கள். முனைவர் பட்ட மாணவர் ஒருவர், பூச்சி ஆய்வாளர் ஒருவர், கோடை விடுமுறைக்குக் கல்லூரி மாணவர் கூட்டம். எல்லோருக்கும் நிலையத்துக்குப் பக்கத்துக் கசமே வசதி. அங்கேயே எல்லோரும் வலை வீசினால் ஒருவர் கலைத்த மீனை இன்னொருவர் எண்ணுவார்.

ஆற்றை வரைபடத்தில் துண்டுகளாகப் பிரியுங்கள். சில துண்டுகள் நீண்டகாலக் கணக்கெடுப்புக்கு மட்டும். சில துண்டுகளில் சோதனைகள் செய்யலாம். ஒன்றிரண்டை யாரும் தொடக்கூடாது. கணக்கெடுக்கும் துண்டுகளில் எல்லா வகை இடமும் வர வேண்டும். சலசலவென்று கல்மேல் ஓடும் ஆழமற்ற இடம், சீராக ஓடும் இடம், ஆழமான கசம். கல்லைப் பற்றிக்கொண்டு பாசி மேயும் கர்ரா மீன்கள் முதலாவதில் இருக்கும், பெரிய கெண்டைகள் மூன்றாவதில் கிடக்கும். கசத்தில் மட்டும் வலை போட்டவர் பாதி ஆற்றையே பார்த்திருக்கிறார். இந்த வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட பிறகே எந்த விருந்தினருக்கும் அறைச் சாவி கொடுங்கள். பேராசிரியராக இருந்தாலும் சரி.

4. வலையை மாற்றாதீர்கள், மாற்றத்தான் வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள்

இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரிக் கரையில் நன்னீர் உயிரியல் சங்கத்தார் வேலை செய்தார்கள். 1929இல் தொடங்கிய சங்கம். இரண்டாம் உலகப் போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டில், 1940களின் தொடக்கத்தில், அந்த ஏரியில் பெர்ச் என்ற மீனைக் கூண்டுப்பொறி வைத்துப் பிடித்தார்கள். போர் முடிந்தது; பொறி வைப்பது நிற்கவில்லை. அதே வகைப் பொறியை அதே பருவத்தில் ஆண்டுதோறும் வைத்துக்கொண்டே வந்தார்கள். 1976இல் ஒரு நோய் வந்து அந்த மீன்களில் மிகப் பெரும்பாலானவற்றைக் கொன்றபோது, எவ்வளவு போயிற்று, பிறகு எப்படித் திரும்பியது என்று சொல்ல அவர்களிடம் கணக்கு இருந்தது. நோய் வரப் போகிறது என்று தெரிந்து யாரும் பொறி வைக்கவில்லை. பொறியை மாற்றாமல் வைத்தார்கள், அவ்வளவுதான்.

நீங்களும் அதைச் செய்யுங்கள். செவுள் வலை என்றால் கண்ணி அளவுகள், நீளம், இறக்கிய நேரம், தூக்கிய நேரம். வீச்சுவலை என்றால் எத்தனை வீச்சு, வலையின் விட்டம், வீசியவர் பெயர். வீசும் கை மாறினால் பிடிபடும் மீனும் மாறும். பிடித்த மீனை உழைப்பால் வகுத்தால்தான் இரண்டு ஆண்டுகளை ஒப்பிட முடியும். பழைய வகை நைலான் சந்தையில் கிடைக்காமல் போகும் நாள் வரும். அப்போது பழைய வலையையும் புதிய வலையையும் ஒரு முழு ஆண்டு அருகருகே போட்டு, இதில் பத்து என்றால் அதில் எத்தனை என்று கணக்குப் பிடித்த பிறகே பழையதைக் கழற்றுங்கள்.

மின்சாரம் பாய்ச்சி மயக்கிப் பிடிக்கும் கருவியை வெளிநாட்டுக் கட்டுரைகளில் படித்துவிட்டு வாங்க ஆசைப்படுவீர்கள். நம் மலை ஓடைகளின் நீரில் கரைந்த உப்பு மிகக் குறைவு. அதனால் மின்சாரம் சரியாகப் பாயாது, மீன் தப்பிவிடும், உங்கள் கணக்குப் பொய்யாகும். மேலும் பேட்டரி வைத்துத் திருட்டுத்தனமாக மீன் பிடிப்பவர்களை வனத்துறை துரத்திக்கொண்டிருக்கும் ஓடையில், நீங்களும் முதுகில் பேட்டரியோடு இறங்கினால் ஊர் என்ன நினைக்கும் என்று யோசியுங்கள்.

5. ஒன்றும் கிடைக்காத நாளையும் எழுதுங்கள்

வலை போட்டோம், மீன் இல்லை. இதுவும் ஒரு விடை. வலையே போடவில்லை, இது விடை இல்லாமை. பதிவேட்டில் இரண்டும் ஒரே மாதிரி வெற்றுக் கட்டமாக இருந்தால், இருபது ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. முதலாவதற்குப் பூஜ்யம் போடுங்கள். இரண்டாவதற்குக் காரணம் எழுதுங்கள்: வெள்ளம், யானை நின்றது, ஜீப் கெட்டது. நீர்நாய் வலையைக் கிழித்தது என்றால் அதையும் எழுதுங்கள். நீர்நாய் இருக்கும் கசம் என்பது உங்களுக்குக் கூடுதல் செய்தி.

பென்சிலால் எழுதுங்கள், பேனா மை நனைந்தால் போய்விடும். அன்றைய பக்கத்தை அன்றிரவே கணினியில் ஏற்றிவிட்டுத்தான் தூங்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து நிலையத்துக்கு வெளியேயும் ஒரு பிரதி வையுங்கள். கரையான், ஈரம், இடி மூன்றும் மலையடிவாரத்தில் நிரந்தர விருந்தாளிகள்.

6. சின்ன மீனை அலட்சியம் செய்யாதீர்கள்

எல்லோரும் பெரிய மீனைப் பார்க்கத்தான் வருவார்கள். பத்திரிகைக்காரர் அதைத்தான் கேட்பார். நன்கொடையாளர் அதன் படத்தைத்தான் காலண்டரில் போடுவார். கனடாவின் ஒன்டாரியோவில் 1968 முதல் முழு ஏரிகளையே சோதனைக் கூடமாக்கி ஒரு நிலையம் நடக்கிறது. அங்கே 223 என்று எண்ணிட்ட ஏரியில் 1976 முதல் கொஞ்சம் கொஞ்சமாகக் கந்தக அமிலம் கலந்து, அமில மழை என்ன செய்யும் என்று பார்த்தார்கள். பிஎச் 6க்குக் கீழே இறங்கியதுமே ஒரு சிறிய இறால் வகையும், ஃபாட்ஹெட் மின்னோ என்ற விரல் நீள மீனும் குலைந்தன. அப்போதும் பெரிய டிரௌட் மீன்கள் நீந்திக்கொண்டுதான் இருந்தன. பிறகு இரையில்லாமல் எலும்பும் தோலுமாயின. டிரௌட்டை மட்டும் எண்ணியிருந்தால், ஏரி நலம் என்று பல ஆண்டுகள் அறிக்கை எழுதியிருப்பார்கள்.

உங்கள் ஓடையிலும் முதலில் செய்தி சொல்வது யாரும் விலைக்கு வாங்காத மீன்தான். அயிரையையும் குஞ்சுக் கெண்டையையும் பொறுமையாகப் பிரித்து எண்ணுங்கள். ‘இதர சிறு மீன்கள்’ என்ற தலைப்பு உங்கள் பதிவேட்டில் வரவே கூடாது.

7. பெயரை நம்பாதீர்கள், மாதிரியை வையுங்கள்

கெண்டை என்று ஊரில் சொல்வது ஒரு மீன் இல்லை, ஒரு கூட்டம். அறிவியல் பெயர் மட்டும் நிலையானதா என்றால் அதுவும் இல்லை. 1849இல் ஜெர்டன் காவிரிப் பக்கத்து மீன் ஒன்றுக்கு அருலியஸ் என்று பெயர் வைத்தார். 1954இல் இ. ஜி. சைலஸ் தாமிரபரணியில் கிடைத்ததை அதன் துணையினமாகப் பிரித்து, ஆற்றின் பெயரையே அதற்கு வைத்தார். பிற்காலத்தில் அது தனி இனமாயிற்று. 2012இல் பெத்தியகொடவும் சக ஆய்வாளர்களும் அந்தக் குழுவையே புன்டியஸ் பேரினத்திலிருந்து எடுத்து டாக்கின்சியா என்ற புதிய பேரினத்தில் வைத்தார்கள். இப்போது ஒரு பழைய நோட்டில் ‘புன்டியஸ் அருலியஸ், ஐந்து’ என்று மட்டும் இருந்தால் அது எந்த மீன்? எழுதியவரைக் கேட்க முடியாது. ஒரு குப்பியில் ஒரு மீன் இருந்தால் அதைக் கேட்கலாம்.

அதனால் ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒவ்வோர் இனத்துக்கும் மிகக் குறைவான மாதிரிகளை, அனுமதிக்கு உட்பட்டு, ஒழுங்காக வையுங்கள். முதலில் உயிரோடிருக்கும் நிறத்தில், தலை இடப்பக்கம் பார்க்க, பக்கத்தில் அளவுகோலோடு படம். பிறகு வலப்பக்கத் துடுப்பில் ஒரு துணுக்கை வெட்டி 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலின் மரபணுவைக் கெடுத்துவிடும், ஆகவே இந்த வரிசையை மாற்றக் கூடாது. அதன் பின் ஒரு பங்கு ஃபார்மலினுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த கரைசல். பெரிய மீனென்றால் வயிற்றின் வலப்பக்கம் கீறிவிடுங்கள்; இடப்பக்கம் அளப்பதற்கும் படத்துக்கும் முழுதாக இருக்கட்டும். பிறகு கழுவி 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். பென்சிலால் எழுதிய சீட்டு குப்பிக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே ஒட்டியது உதிரும். சீட்டில் ஊர்ப் பெயரும் இருக்கட்டும், அதைச் சொன்னவர் எந்த ஊர்க்காரர் என்றும் இருக்கட்டும்.

இதெல்லாம் நிலையத்து அலமாரியிலேயே கிடக்க வேண்டாம். ஒரு பகுதி இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்குப் போகட்டும். அதன் தென் மண்டல மையம் சென்னையில் இருக்கிறது. புதிய இனம் என்று எதையாவது விவரித்தால் அதன் மூல மாதிரியை அரசு குறித்த காப்பகத்தில் ஒப்படைப்பது சட்டக் கடமையும்கூட.

8. அண்ணாச்சிகளிடம் மாணவனாக இருங்கள்

மேலே மலையில் காணிக்காரப் பழங்குடியினர், கீழே ஆற்றிலும் குளத்திலும் வலை போடுகிறவர்கள். இவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட அச்சில் இல்லை. எந்த மழைக்கு எந்த மீன் ஓடை ஏறும், எந்தக் கசத்தில் விலாங்கு கிடக்கும், எந்த ஆண்டிலிருந்து எது வராமல் போயிற்று என்று அவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். விலாங்கு கடலில் பிறந்து ஆற்றில் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போகும் மீன். புன்னைக்காயல் முகத்துவாரத்திலிருந்து மேலே வர அதற்கு எத்தனை அணைக்கட்டைத் தாண்ட வேண்டும் என்று பாருங்கள். மலையடிவாரத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் கண்ணுக்கு அதன் வாழ்வில் ஒரு துண்டுதான் தெரியும். மற்றத் துண்டுகள் கீழே வலை போடுகிறவர்களிடம் இருக்கின்றன.

கூலியை அன்றன்றைக்கே கொடுங்கள். படகில் வந்தவரின் பெயர் பதிவேட்டில் வர வேண்டும். அறிவைத் தந்தவரின் பெயர், அவர் சம்மதித்தால், கட்டுரையிலும் வர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஊர்ச் சாவடியில் உட்கார்ந்து, கண்டுபிடித்ததைத் தமிழில் சொல்லுங்கள். ‘இது எங்களுக்குத் தெரியாதா’ என்று ஒருவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் வரும் பேச்சைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த உறவுக்கு ஓர் எல்லை உண்டு. வெடி போட்டும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே தடுத்திருக்கிறது; இன்றும் நடக்கிறது. நீங்கள் போலீஸ் இல்லை. யார் செய்தார் என்று விசாரிக்கப் புறப்பட்டால், அடுத்த நாளிலிருந்து யாரும் உங்களிடம் பேச மாட்டார்கள். ஆனால் செத்து மிதந்த மீனை எண்ணி, இடமும் தேதியும் எழுதி, உரிய துறைக்கு அனுப்புவது உங்கள் கடமை. இந்த எல்லையை முதல் நாளே ஊருக்கு வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

9. திரும்ப விடும் மீன் உயிரோடு போக வேண்டும்

தண்ணீர் சூடானால் அதில் பிராணவாயு குறையும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் நிற்கும். 30 டிகிரியில் சுமார் 7.5தான். ஏப்ரல் நண்பகலில் ஒரு வாளிக்குள் ஐம்பது கெண்டையைப் போட்டுவிட்டு அளவுகோலைத் தேடினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் வேலையை முடியுங்கள். வாளியை நிழலில் வையுங்கள். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். ஈரக் கையால் மட்டும் மீனைத் தொடுங்கள், உலர்ந்த கை அதன் மேல்வழுவழுப்பை உரித்துவிடும். மயக்கக் கிராம்பு எண்ணெய் போதும். அது தண்ணீரில் நேராகக் கரையாது. எத்தனாலில் கலந்து பிறகு ஊற்றுங்கள். மயக்கம் தெளிந்து தானே நீந்தும்வரை ஓடும் நீரில் ஒரு கூடைக்குள் வைத்திருந்து பிறகு விடுங்கள்.

முதல் மழைக்கு ஓடை ஏறும் சினை மீனைப் பிடிப்பதால் என்ன தெரிந்துகொள்வீர்கள், அதற்கு எத்தனை முட்டை விலை என்று உங்களையே கேளுங்கள். பெரும்பாலும் வலையைச் சுருட்டி வைப்பதே சரியான விடையாக இருக்கும்.

10. நீங்களே நோயைச் சுமந்து போகாதீர்கள்

1988இல் இந்தியாவுக்குள் வந்த புண் நோய் விராலையும் கெண்டையையும் நாடெங்கும் சீரழித்தது. அது ஒரு பூஞ்சை போன்ற கிருமியால் வருவது. ஈர வலை, ஈரக் காலணி, வாளியின் அடியில் தங்கிய தண்ணீர் எல்லாம் அத்தகைய கிருமிக்கு வாகனம். ஒரு படுகையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் வலையை வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். முடிந்தால் ஒவ்வோர் ஆற்றுக்கும் தனி வலை. எப்போதும் மேல் ஓடையில் தொடங்கிக் கீழே வாருங்கள். குளத்தில் நனைத்த வலையோடு மலை ஏறாதீர்கள்.

அந்நிய மீனைப் பற்றியும் இதையே சொல்வேன். 1952இல் நாட்டுக்குள் வந்த திலேப்பியாவை இன்று ஜிலேபி என்று நம் ஊர் மீனாகவே ஆக்கிவிட்டார்கள். கண்ணாடித் தொட்டியில் வளர்த்த டேங்க் கிளீனர் மீன் இப்போது தமிழ்நாட்டு ஏரிகளில் வலையைக் கிழிக்கிறது. கட்லாவும் ரோகுவும்கூடக் கங்கைப் பக்கத்து மீன்கள்தான், குளங்களில் விடப்பட்டவை. நிலையத்தின் தொட்டியிலிருந்து எந்த மீனும் எந்தக் காரணத்துக்காகவும் ஆற்றுக்குப் போகக் கூடாது. இரக்கப்பட்டு விடும் மாணவர் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் வருவார். அவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

11. ஆளைவிடப் பெரிய தரவு இல்லை

தனியாக யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. அணைக்குக் கீழே வேலை என்றால் மின்நிலையத்துக்கு அன்று காலையே போன் செய்யுங்கள். மேலே வெயில் அடித்தாலும் கீழே தண்ணீர் வரும். மேலே மழை இருட்டினால் நடு மணல் திட்டில் நிற்காதீர்கள். பாறைப் பாசியில் வழுக்கிய காலுக்கு நீச்சல் உதவாது. உயிர்காப்பு மேலாடை எல்லோருக்கும் கட்டாயம். காய்ச்சல் வந்தால் ‘ஆற்றில் வேலை செய்கிறேன், காட்டில் நடக்கிறேன்’ என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். எலிக்காய்ச்சலும் உண்ணிக் காய்ச்சலும் அப்போதுதான் அவர் நினைவுக்கு வரும். பாம்பு கடித்தால் கட்டு, கீறல், பச்சிலை எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் நச்சுமுறி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். எந்த மருத்துவமனையில் அது இருக்கிறது என்பது முன்பே சுவரில் எழுதியிருக்க வேண்டும்.

ஃபார்மலின் புற்றுநோய் தரும் பொருள். படுக்கிற அறையில் அந்தக் குப்பிகள் இருக்கக் கூடாது. கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் திறக்கக் கூடாது. கழிவை ஓடையில் ஊற்றுவதைப் பார்த்தால் அந்த நபரை அன்றே பஸ் ஏற்றிவிடுங்கள்.

12. அடிப்படைக் கணக்கெடுப்பை ஏழையாக வையுங்கள்

திட்டப் பணம் மூன்று ஆண்டுக்கு வரும். நல்ல மழை, பஞ்சம், வெள்ளம் என்று ஆறு தன் முழு முகத்தைக் காட்ட அதைவிட எத்தனையோ மடங்கு காலம் ஆகும். ஆகவே பணம் இருக்கும்போது செய்யும் வேலை, பணம் இல்லாவிட்டாலும் நடக்க வேண்டிய வேலை என்று இரண்டையும் தனித்தனியே பிரித்து வையுங்கள். மரபணு ஆய்வும் மின்னணுச் சில்லு பதித்து மீனைத் தொடர்வதும் முதல் வகை. மழைமானி, நீர்மட்டம், வெப்பமானி, நாலு வலை, குறித்த துண்டுகளில் குறித்த மாதங்களில் எண்ணிக்கை இவை இரண்டாம் வகை. இரண்டாம் வகைக்கு ஆகும் செலவு, ஒரு ஜீப்பும் இரண்டு ஆட்களும் என்ற அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முதல் பஞ்சத்திலேயே நின்றுவிடும்.

உலகப் புகழ் பெற்ற நிலையத்துக்கும் இது வரும். நான் மேலே சொன்ன கனடா ஏரிகளுக்கு அரசு பணத்தை நிறுத்தப் போவதாக 2012இல் அறிவித்தது. அறிவியலாளர்களும் பொதுமக்களும் போராடி, 2014இல் வேறொரு நிறுவனம் பொறுப்பை ஏற்றுத்தான் அது பிழைத்தது. அத்தனை பேர் அதற்காகக் குரல் கொடுத்ததற்குக் காரணம், நாற்பது ஆண்டுக்கு மேல் விடாமல் எடுத்த கணக்கு அதன் கையில் இருந்ததுதான்.

13. போகும் நாளை நினைத்து நடத்துங்கள்

நீங்கள் மாற்றலாகிப் போவீர்கள், அல்லது ஓய்வு பெறுவீர்கள். அடுத்து வருபவர் உங்களைப் பார்த்தே இருக்க மாட்டார். அவருக்கு என்னென்ன வேண்டும் என்று இன்றே ஒரு கோப்பு தொடங்குங்கள். துண்டுகளின் வரைபடமும், ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழாக நான்கு பக்கமும் எடுத்த படங்களும். ஒவ்வொரு வலையின் கண்ணி அளவும் வாங்கிய கடையும். அனுமதிக் கடிதங்கள் வரிசையாக. எந்தக் குப்பி எந்த அலமாரியில், எது எந்தக் காப்பகத்துக்குப் போயிற்று என்ற பட்டியல். பதிவேட்டில் பயன்படுத்திய சுருக்கெழுத்துகளின் விளக்கம். எந்த ஊரில் யாரைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்ற குறிப்பு, அவர்கள் சம்மதத்தோடு. முறை எங்கே எப்போது ஏன் மாறியது என்பதற்குத் தனிப் பக்கம் வையுங்கள்.

அந்தக் கோப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை, நீங்கள் நிலையத்தில் இல்லாத வாரத்தில், புதிதாக வந்த மாணவர் ஒருவரை அந்தக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கணக்கெடுப்பை முடிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு அவர் எத்தனை முறை போன் செய்தார் என்று பாருங்கள். ஒவ்வொரு போனும் கோப்பில் எழுதாமல் விட்ட ஒரு வரி. திரும்பி வந்ததும் அந்த வரிகளை எழுதிச் சேருங்கள். போன் வராத ஆண்டு வந்தால் நிலையம் சரியாக நடக்கிறது என்று பொருள். சாவியை யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.